கேப் எபிக் போன்ற பல நாள் மலைச் சைக்கிள் போட்டிக்கு இருவர் அணியாகத் தயாராவது எப்படி?

கேட்டவருக்கு இரண்டு கவலைகள். இருவரில் ஒருவர் ஏற்றத்தில் பின்தங்கிவிடுகிறார்; சைக்கிள் எட்டு நாள் தாங்குமா என்றும் தெரியவில்லை. இரண்டுமே சரியான கவலைகள்தான். முதலாவதை உடற்பயிற்சி மட்டும் தீர்க்காது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கேப் எபிக் 2004 முதல் தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் நடக்கிறது, வழக்கமாக மார்ச் மாதத்தில். ஒரு புரோலாக் (தொடக்கநாள் குறும்போட்டி), பிறகு ஏழு கட்டங்கள், ஆக எட்டு நாள். பாதை ஆண்டுதோறும் மாறும். மொத்தம் 600 முதல் 700 கி.மீ. வரும், ஏற்றம் மட்டும் 15,000 மீட்டருக்கு முன்பின். இருவரும் எப்போதும் ஒருவருக்கொருவர் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருக்க வேண்டும். மீறி மாட்டினால் ஒரு மணி நேரம் அபராதம். அணியின் நேரம் இரண்டாமவர் கோட்டைத் தாண்டும்போதுதான் நிற்கும். அதனால் வேகமானவர் மேலே போய்க் காத்திருப்பதில் ஒரு நொடிகூட மிச்சமாகாது. அவர் காத்து நிற்பதைக் கீழிருந்து பார்ப்பவர், தன் அளவை மீறி மிதித்து மூன்றாம் நாளே காலியாகிவிடுவார். பல அணிகள் உடைவது இப்படித்தான்.

யார் முன்னால் போவது என்பதை இடத்துக்கு ஏற்ப முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நீண்ட ஏற்றத்தில் மெதுவானவர் முன்னால். வேகத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். வலுவானவர் பக்கத்திலோ பின்னாலோ வரட்டும், தேவைப்பட்டால் முதுகில் கைவைத்துத் தள்ளலாம், அங்கே இது சாதாரணமான காட்சி. சமதளத்திலும் எதிர்காற்றிலும் வலுவானவர் முன்னால், மற்றவர் அவர் சக்கரத்தை ஒட்டி. ஒருவர் செலவழிக்கும் சக்தி அடுத்தவருக்கு வரவாக மாறும் இடம் இதுதான். இறக்கத்தில் கை தேர்ந்தவர் முன்னால் போய்ப் பாதையைக் காட்டட்டும். பின்னால் வருபவர் 10–15 மீட்டர் விடவேண்டும், இல்லாவிட்டால் புழுதியில் கல் தெரியாது.

இந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் வராது. ஆண்கள் பிரிவில் ஐந்து முறை வென்றவர்கள் இருவர், ஜெர்மனியின் கார்ல் பிளாட்டும் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சாசரும். சாசர் 2011, 2012 இரண்டிலும் பரி ஸ்டாண்டரோடு வென்றார், 2013, 2015 இரண்டிலும் யாரோஸ்லாவ் குல்ஹாவியோடு. பழகிய இணைக்கு எவ்வளவு மதிப்பு என்பது இதிலேயே தெரியும். நீங்களும் போட்டிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே வாரக் கடைசி நாட்களைச் சேர்ந்து ஓட்டத் தொடங்குங்கள். சனிக்கிழமை 5 மணி நேரம், ஞாயிறு அதே களைப்போடு 4 மணி நேரம். வாரத்துக்கு மொத்தம் 10–12 மணி நேரம் போதும். போட்டிக்கு ஆறேழு வாரம் முன்பு ஒரு முறை தொடர்ந்து நான்கு நாள் ஓட்டிப் பாருங்கள். உட்காரும் இடம் புண்ணாகிறதா, மூன்றாம் நாள் காலையில் சாப்பாடு இறங்குகிறதா, யாருக்கு எப்போது கோபம் வருகிறது, எல்லாம் அந்த நான்கு நாளில் தெரிந்துவிடும்.

இனி சைக்கிள். முழு சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி), 100–120 மி.மீ. நகர்வு, 29 அங்குலச் சக்கரம். பின்னால் அதிர்வு தாங்கி இல்லாத ஹார்ட்டெயிலில் முடிக்க முடியாது என்றில்லை, ஆனால் ஐந்தாம் நாள் இடுப்பும் உள்ளங்கையும் பதில் சொல்லும். முன் பல்சக்கரம் 30 அல்லது 32 பல், பின்னால் 10 முதல் 52 பல் வரையுள்ள கேசட் (பல்சக்கர அடுக்கு). முன்னணி வீரர்கள் 36, 38 பல் போடுவதைப் பார்த்து நீங்களும் போடாதீர்கள். அவர்கள் கால் வேறு.

கட்டாயமாக ஒன்று செய்யுங்கள்: இருவர் சைக்கிளிலும் ஒரே வகை பாகங்கள் இருக்கட்டும். ஒரே 12 வேகச் செயின், ஒரே பிரேக் பேட், முடிந்தால் ஒரே ஹேங்கர் (பின் கியர் மாற்றியான டிரெய்லியரைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு). அப்போதுதான் ஒரு உதிரி இருவருக்கும் உதவும். பிளக் கருவி (டயர் ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி அடைப்பது) ஆளுக்கொன்று. பம்பு, ட்யூப், செயின் கருவி, குவிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), ஹேங்கர் ஆகிய பொதுச் சாமான்கள் வழக்கமாகப் பின்னால் வருபவரிடம் இருக்கட்டும். முன்னவர் சைக்கிள் கெட்டால் அவர் நின்றாலே போதும், சாமான் தானாக வந்து சேரும். மாற்றி வைத்தால், பின்னவர் பஞ்சராகி நிற்பது தெரியாமல் பம்பு முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

டயரில் மட்டும் எடையை மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். பக்கச்சுவர் வலுப்படுத்திய 2.35 அங்குல அகல டயர், லேசான பந்தய டயரைவிட 100–150 கிராம் கூடும். அது வாங்கித் தரும் நிம்மதி பெரிது. அந்தப் பகுதியில் கூர்மையான கற்கள் பக்கச்சுவரைக் கிழிக்கும். தரையில் நம் ஊர் நெருஞ்சி முள்ளும் உண்டு. அங்கே அதை டுவல்கி (duwweltjie) என்பார்கள். ட்யூப் போட்டு ஓட்டினால் அந்த முள்ளே அன்றைய ஓட்டத்தை முடித்துவிடும். ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ்ஸில் டயருக்கு 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். வெயிலில் அது காயும், ஆகவே நான்காம் நாள் மாலை இன்னொரு 30 மி.லி. 70 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 19–20 பிஎஸ்ஐ, பின்னால் 21–23 நல்ல தொடக்கம். உங்கள் ரிம், டயர் பார்த்துப் பயிற்சியிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

பஞ்சரானால் முதல் வேலை, காற்று சீறும் இடத்தைக் கண்டுபிடித்து அந்த ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்புவது. சீலன்ட் அங்கே தேங்கும். பத்து நொடியில் அடையவில்லை என்றால் பிளக்கைக் குத்துங்கள். வெளியே 1 செ.மீ. வால் இருக்கட்டும், கருவியை வேகமாக வெளியே இழுங்கள், சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். ஓட்டை 5 மி.மீ.க்கு மேல் என்றால் இரண்டு பிளக். பக்கச்சுவர்க் கிழிசலில் பிளக் நிற்பது கடினம், அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அதற்கு உள்ளேயிருந்து ஒட்டுப்போட வேண்டும்: பழைய டயரின் பக்கச்சுவரில் வெட்டிய 5 × 7 செ.மீ. துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். அதை வைத்து ட்யூபைப் போடுங்கள். ட்யூப் போடுமுன் கையுறை விரலால் டயரின் உட்பக்கத்தை ஒரு முழுச் சுற்றுத் தடவுங்கள். சீலன்ட் மூடி வைத்திருந்த ஏழெட்டு முள் அங்கே இருக்கும். அவற்றைப் பிடுங்காமல் ட்யூப் போட்டால் அதுவும் ஐந்தே நிமிடத்தில் போய்விடும். அவசரத்தில் எல்லோரும் தவறவிடும் வேலை இது.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் 16 கிராம் என்றால் இந்த அளவு டயருக்குச் சரியாகப் போதும், கொஞ்சம் கசிந்தாலும் போதாது. 25 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு சின்ன பம்பும். அந்தக் குளிர் வாயு நேராக சீலன்ட்டில் பட்டால் கட்டிதட்டக்கூடும், ஆகவே வால்வு மேலே இருக்கும்போது ஊதுங்கள். வாயு ரப்பர் வழியே வெளியேறிவிடுவதால் மாலையில் சாதாரணக் காற்றை நிரப்புங்கள்.

தினமும் மாலை சைக்கிளுக்கு முக்கால் மணி நேரம். கழுவும்போது அதிவேகத் தண்ணீரை ஹப் (சக்கர நடு), பிவட் (சஸ்பென்ஷன் மூட்டு), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு) பக்கம் திருப்பக் கூடாது. பேரிங் கிரீஸ் வெளியே போய் மணல் உள்ளே வரும். செயினைத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் விடுங்கள், மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழுதி ஒட்டி அரைக்கும். சீட்டைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். லொடக் என்றால் பிவட் போல்ட் தளர்ந்திருக்கலாம். விழுந்த நாளில் ஹேங்கரைப் பின்னாலிருந்து பாருங்கள். சற்று வளைந்தாலும் பெரிய பல்லுக்கு மாற்றும்போது டிரெய்லியர் ஸ்போக்கில் சிக்கி முறியக்கூடும். ஆளுக்கு இரண்டு ஜோடி பிரேக் பேட் எடுத்துப் போங்கள். 1 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே மாற்றுங்கள், சேற்று நாள் ஒன்று ஒரு ஜோடியையே தின்றுவிடும். புதுப் பேடை அப்படியே இறக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். சக்கரம் பூட்டாமல் இருபது முறை அழுத்தி வேகம் குறைத்துப் பதப்படுத்துங்கள்.

சாப்பாட்டில் கணக்கு முக்கியம். மணிக்கு 60–90 கிராம் கார்போஹைட்ரேட், 500–750 மி.லி. தண்ணீர், வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் குரல் கொடுக்க, இருவரும் சேர்ந்து சாப்பிடுங்கள். மெதுவானவருக்கு மூச்சு வாங்கும்போது சாப்பிடத் தோன்றாது, நினைவூட்டுவது துணைவரின் வேலை. மெடிக்கல் ஷாப் ஓஆர்எஸ் பொட்டலத்தை மட்டும் நம்பாதீர்கள். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் இருக்கிறது. உப்பு கிடைக்கும், எரிபொருள் கிடைக்காது. அதே நேரம் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். வலிக்கிறது என்று இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். உடலில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பாதை பண்ணைகள் வழியாகவும் போகும், ஈரமான நாளில் சாணம் கலந்த சேறு பாட்டில் வாயில் தெறிக்கும். மூடி போட்ட பாட்டில் வாங்குங்கள், சாப்பிடுமுன் கையைக் கழுவுங்கள். வயிற்றுப்போக்கில் வெளியேறுபவர்கள் உண்டு. கோட்டைத் தாண்டிய அரை மணிக்குள் ஈர ஷார்ட்ஸைக் கழற்றிக் குளித்து, துத்தநாக ஆக்சைடு களிம்பு தடவுங்கள். துவைக்காத ஷார்ட்ஸை மறுநாள் போடவே கூடாது.

ஒருவரால் தொடர முடியாமல் போனால் மற்றவர் தனியாக ஓட்டி முடிக்க அங்கே வழி உண்டு, அணி வரிசையில்தான் இடம் இருக்காது. அப்படி ஆனால் மற்றவர் தொடர வேண்டுமா, சேர்ந்தே திரும்ப வேண்டுமா என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே இருவரும் பேசி முடித்துவிடுங்கள். ஆறாம் நாள் மதியம், காய்ச்சலோடு கூடாரத்தில் படுத்துக்கொண்டு பேசக்கூடிய பேச்சல்ல அது.