கடன் யார் காசில்? – கேள்வி பதில்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ராமநாதபுரத்தில் இருக்கிறேன். பிற நாடுகளின் பணக் கஷ்டம் பற்றி நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

பாம்பன்: அண்ணே, 2022-இல் இலங்கையிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் கைக்குழந்தையோடு வந்து இறங்கினார்களே. ஒரு அரசாங்கத்துக்குக் காசு எப்படித் தீரும்? அச்சடிக்க வேண்டியதுதானே?

இலங்கையில் ரூபாய் தீரவில்லை தம்பி, டாலர் தீர்ந்தது. நோட்டு அச்சடிக்கவும் செய்தார்கள். டீசல் கப்பல்காரர் அதை வாங்க மாட்டாரே! 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா என்று சுற்றுலா வருமானம் நின்றது உண்மைதான். ஆனால் பழியை அதன் மேலேயே போட எனக்கு மனமில்லை. 2019 கடைசியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். வரவு சரிந்ததும் வெளிநாட்டில் புதுக்கடன் கிடைக்கவில்லை. 2021-இல் ரசாயன உரத்துக்குத் தடை. நெல் விளைச்சல் விழுந்தது, அரிசியையும் டாலர் கொடுத்து வாங்க நேர்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

மண்டபம்: இலங்கை ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கியது நல்லதா?

படகுக்காரர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது மாதிரி. வலை வாங்கலாம், கடலுக்குப் போகலாம். மீனுக்கு விலை சொல்வது மட்டும் அந்த வியாபாரி. 2023 மார்ச்சில் நான்கு ஆண்டுத் திட்டமாகச் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புதல் கிடைத்தது. 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட விலையேற்றம் அடுத்த ஆண்டே அடங்கியது. ஆனால் 2024-இல் மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம். அதற்கு முன்பே, 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 இலங்கை ரூபாயிலிருந்து 340 ஆனது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகளை நினைத்துப் பாருங்கள். வேறு வழி இருந்ததா என்றால், அந்த நேரத்தில் இல்லை. பாரத்தை யார் தலையில் வைப்பது என்பதில் வழி இருந்தது.

தங்கச்சிமடம்: ஜப்பானுக்கும் பெரிய கடனாமே?

நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் கடன் யென்னில், பெரும்பாலும் சொந்த நாட்டாரிடம். வீட்டுக்குள் கைமாற்று.

தொண்டி: இறால் பண்ணை வைத்திருக்கிறேன் சார். நமக்குப் போட்டி ஈக்வடார். அங்கே டாலரே செல்லுமாம். எல்லா நாடும் அப்படிச் செய்தால் என்ன?

2000-இல் வங்கிகள் விழுந்து சொந்த நாணயம் காகிதமானபோது மாறினார்கள். விலைவாசி அடங்கியது. ஆனால் நாணய மதிப்பைக் குறைத்து ஏற்றுமதிக்குக் கைகொடுக்க முடியாது. ஆபத்தில் அச்சடிக்கவும் முடியாது. சரி, 2025 ஆகஸ்டில் உங்களை அடித்தது நாணயம் இல்லை, அமெரிக்க வரி. அப்போது நமக்கு 50 சதவீதம், அவர்களுக்கு 15.

கீழக்கரை: மகன் சவூதியில். 2020-இல் அங்கே வரி ஏன் மூன்று மடங்கானது?

எண்ணெய் விலை விழுந்தது. ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று கட்டி வைத்திருப்பதால் ரியாலை இறக்க மனமில்லை. 5 சதவீத மதிப்புக் கூட்டு வரியை 15 ஆக்கினார்கள். மகனுக்கு அங்கே செலவு கூடியிருக்கும். ரூபாய் இறங்க இறங்க, அவர் அனுப்பும் அதே ரியாலுக்கு உங்கள் கையில் கூடுதலாக வரும், காக்கா.