சன்னி பாய் வில்லியம்சன் இருவர்: எந்தப் பாட்டு யாருடையது?

ஒரே பெயரில் இரண்டு ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாடகர்கள். இருவரும் ஹார்மோனிகா வாசித்தவர்கள் என்பதால் இசைச் செயலிகளில் பாடல்கள் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கின்றன.

முதலில் பதிவான ஆண்டைப் பாருங்கள். டென்னசியைச் சேர்ந்த ஜான் லீ வில்லியம்சன் 1937-ல் ப்ளூபேர்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடத் தொடங்கி, 1948 ஜூனில் சிகாகோவில் கொல்லப்பட்டார். மிசிசிப்பியின் ரைஸ் மில்லர் 1941-லேயே ஆர்கன்சாவின் ஹெலினா நகர வானொலியில் இந்தப் பெயரில் வாசித்தாலும், இசைத்தட்டுக்குப் பாடியது 1951-ல்தான். முதலில் டிரம்பெட் நிறுவனத்துக்கு, 1955 முதல் செக்கர் நிறுவனத்துக்கு. ஆக, 1948-க்கு முந்தைய பதிவு ஜானுடையது. 1951 முதல் பதிவானது மில்லருடையது.

தொகுப்பு ஆல்பங்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அங்கே போட்டிருப்பது மறுவெளியீட்டு ஆண்டு, அதை நம்பவே கூடாது. மூல நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பாடலாசிரியர் இடத்தில் வெறும் ‘வில்லியம்சன்’ என்றிருந்தால் அதுவும் உதவாது.

காதும் கைகொடுக்கும். ஜானின் 1937 பதிவுகளில் டிரம்ஸ் கிடையாது, பெரும்பாலும் கிதார் துணைதான். நாக்கு சற்றே தடுக்குவதுபோன்ற உச்சரிப்பு. ‘குட் மார்னிங் ஸ்கூல் கேர்ள்’ கேளுங்கள். மில்லரின் ‘ஹெல்ப் மீ’யில் ஆர்கன், டிரம்ஸ் எல்லாம் உண்டு. குரல் கரகரப்பானது, ஹார்மோனிகாவோ அளந்து பேசும், சின்னச் சின்னச் சொற்றொடராக வாசித்து இடைவெளி விடுவார். அந்த நிதானம் அபாரம்.

படத்தில் ஆட்டுத்தாடியும் வட்டத் தொப்பியும் இருந்தால் அவர் மில்லர். யார்ட்பேர்ட்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவோடு 1963-ல் இங்கிலாந்தில் வாசித்தவரும் அவரே.