கடல் சூடானால் கணவாய்க்கு நல்லதா?

அன்புள்ள ஐயா,

வெதுவெதுப்பான நீரில் கணவாய்க் குஞ்சு வேகமாக வளரும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கடல் சூடாவது எங்களுக்கு நல்லதுதானே? வள்ளத்தில் போகும் என் அண்ணன் கேட்கச் சொன்னார். இப்போது சிறிய கணவாயிலும் முட்டை இருக்கிறது என்கிறார்.

ஒரு வாசகர், பொழியூர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்லதல்ல என்பதே என் எண்ணம்.

வேகம் உண்மைதான். பொரித்த குஞ்சு முதல் சில வாரங்கள் வட்டிக்கு வட்டி போல எடை போடுகிறது. நாளுக்கு 6 சதவீதம் வளர்வதையும் 7 சதவீதம் வளர்வதையும் 90 நாளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டாவது இரு மடங்குக்கும் மேல் கனக்கும். அதனால்தான் தொடக்கத்தில் நீர் சற்றுச் சூடாக இருப்பதே பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. கடல் சூடேறிவரும் பருவத்தில், பிந்திப் பொரித்தவை முந்திப் பொரித்தவற்றைவிட வேகமாக வளரும் என்று கணவாய் ஆய்வாளர் ஜான் ஃபோர்சைத் 1993இல் முன்வைத்தார். கணவாயின் தலைக்குள் இருக்கும் நுண்ணிய கல்லில் நாளுக்கொரு வளையம் விழும். அதை எண்ணி வயதறிந்து இதைச் சோதிக்க முடிகிறது.

ஆனால் இரை குறையாதவரைதான் இந்தக் கணக்கு செல்லும். சூட்டில் உடல் அதிகம் தின்னக் கேட்கும். முட்டை சீக்கிரம் பொரிக்கும், குஞ்சோ சிறிதாக இருக்கும். உடன் கொண்டுவந்த மஞ்சள்கருவும் விரைவில் தீரும். அதற்குள் நுண்ணிய இறால்வகைகளைப் பிடிக்கப் பழகாத குஞ்சு பிழைக்காது.

நம் கரையில் அந்த இரை குளிர்நீரை நம்பியிருக்கிறது. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கேரளக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலேறுகிறது. அதில் நுண்பாசி பெருகி, அதைத் தின்னும் உயிர்கள் பெருகி, சாளை முதல் கணவாய் வரை எல்லாம் உண்கின்றன. மேல்நீர் மிகவும் சூடானால் இலேசாகி மேலேயே தங்கிவிடும். அடிநீர் ஏறுவது கடினமாகும். வேகமாக வளரத் துடிக்கும் குஞ்சுக்குத் தீனி இல்லாமல் போவதை எப்படி நல்லது என்பது?

அண்ணன் கவனித்தது முக்கியமானது. சூட்டில் வளரும் கணவாய் சிறிய உடலிலேயே பருவமடையும், ஆயுளும் குறுகும். ஆனால் வெப்பம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பெரியவற்றையே ஓயாமல் பிடித்து வந்தாலும் இப்படி ஆகலாம். முட்டையுள்ள கணவாயின் உடல் நீளத்தை மாதவாரியாகக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எனக்கும் அனுப்புங்கள்.