ரிப்போர்ட்டுக்கு முன்னால் ஆளைப் பாருங்கள்: ஊட்டச்சத்துக் கேள்வி-பதில்

அம்மிச்சிக்கு 72 வயசுங்க. ஆறு மாசம் முன்னாடி 52 கிலோ இருந்தாங்க, இப்போ 46. ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் குறைவுன்னு வந்திருக்கு. தினமும் முட்டை வெள்ளைக்கரு கொடுத்தா ஏறிடுங்களா? (கோபிசெட்டிபாளையம்)

ஆல்புமின் ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கிருமித்தொற்று இருந்தாலே அது இறங்கிவிடும். கல்லீரல், சிறுநீரகக் கோளாறிலும் இறங்கும். அரைவயிறு சாப்பிடுகிறவருக்கு அது சரியாக இருப்பதும் உண்டு. அதை வைத்துச் சத்துக் குறைவை அளக்க முடியாது.

எனக்குக் கவலை தருவது அந்த ஆறு கிலோதான். 52-ல் அது 11 சதவீதத்துக்கு மேல். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். ‘வயசானா இளைக்கத்தான் செய்வாங்க’ என்று விட்டுவிடாதீர்கள்.

நெற்றிப்பொட்டு (கண்ணுக்குப் பக்கவாட்டில்) குழி விழுந்திருக்கிறதா, கழுத்துக்குக் கீழே காறை எலும்பு துருத்துகிறதா என்று பாருங்கள். கணுக்காலுக்கு மேலே, முன்பக்க எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. அப்படியானால் அந்த 46-லும் நீரின் எடை சேர்ந்திருக்கும். உண்மையில் இளைத்தது இன்னும் அதிகம். வீக்கம் இல்லையென்றால், கெண்டைக்காலின் பருத்த இடத்தில் இஞ்ச் டேப்பைச் சுற்றுங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் தசை கரைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் தட்டைப் பாருங்கள். ‘சாப்பிட்டேன் கண்ணு’ என்பதை நம்பிவிடக் கூடாது. நேற்றுக் காலையிலிருந்து என்ன, எத்தனை கரண்டி என்று கேளுங்கள். பல்செட் பொருந்தாததால் ரசஞ்சோறு மட்டும்தான் உள்ளே போகிறதா? விழுங்கும்போது அடைக்கிறதா? காசநோய், சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு என்று எதுவும் பின்னால் இருக்கலாம். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால் முட்டையை முழுதாகவே கொடுங்கள். மஞ்சள் கருவை எறிய வேண்டாம்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி வருகிறது. கால்சியம் குறைவா? (பொள்ளாச்சி)

இல்லை. பெரும்பாலும் நகம் முளைக்கும் இடத்தில் பட்ட சிறு அடிதான். நகம் வளர வளரப் போய்விடும். இதற்காகக் கால்சியம் மாத்திரை வேண்டாம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைங்க. சுத்த சைவம். எட்டு வருசமா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பாதம் மதமதன்னு இருக்குது. சர்க்கரையாலதானுங்களா? (திருப்பூர்)

இருக்கலாம். ஆனால் வைட்டமின் பி12 பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது. சர்க்கரையிலும் பி12 குறைவிலும் பாதம் ஒரே மாதிரிதான் மரத்துப்போகும். மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும். காய்கறி, பருப்பில் அது கிடையாது. சைவருக்குப் பாலும் தயிரும்தான் வழி. நாக்கு வழுவழுவென்று சிவந்திருக்கிறதா, கண்ணை மூடி நின்றால் தள்ளாடுகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கடையில் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பி12 குறைவால் வரும் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும். நரம்பு கெட்டுக்கொண்டே போகும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மகளுக்கு 14 வயது, ஹீமோகுளோபின் 9.4. பள்ளியில் தரும் நீல மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். ஆனாலும் பச்சரிசியை அள்ளி மெல்லுகிறாள். (பவானி)

திட்டாதீர்கள். அரிசி, சாக்பீஸ், மண் மீது வரும் அந்த ஆசையே இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. வாரம் ஒன்று தரும் நீல இரும்புச்சத்து மாத்திரை தடுப்புக்கானது, 9.4-ஐ ஏற்ற அது போதாது. டாக்டர் தினசரி மாத்திரை எழுதித் தருவார். மாதவிடாயில் அதிகம் போகிறதா, குடற்புழு மாத்திரை எப்போது போட்டாள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பல வீடுகளில் கோட்டை விடுவது ஒன்று உண்டு: மாத்திரையைப் போட்ட கையோடு டீ அல்லது பால். இரண்டுமே இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். கம்மஞ்சோறு, கொள்ளுப்பருப்பு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லவைதான். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாக இறங்கும். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும், அப்போதுதான் உடம்பில் இரும்பின் இருப்பு நிரம்பும். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லையென்றால், தலசீமியா என்ற ரத்தக் கோளாறின் பரம்பரைக் கூறு இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கேளுங்கள்.