முற்றம் உள்ளேயா, வெளியேயா?

அன்புள்ள ஐயா,

காரைக்குடி பக்கம் எங்கள் வீட்டில் முற்றம் என்றால் வளவுக்கு நடுவே வானம் பார்த்துக் கிடக்கும் இடம். ஈழத்துக் கதைகளிலோ முற்றம் வீட்டுக்கு முன்னால் இருக்கிறது, மாமரம் நிற்கிறது. எது சரி? பொட்டலும் திறந்தவெளிதானே, அதையும் முற்றம் எனலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரி. மேலே வானம் தெரிய வேண்டும், இடம் வீட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். முற்றம் கேட்பது அவ்வளவுதான். ‘முன்றில்’ அப்படி இல்லை. அது முன், இல் இரண்டும் சேர்ந்த சொல். அந்தப் புணர்ச்சிக்குத் தொல்காப்பியம் தனியாக விதியே சொல்கிறது. அதனால் முன்றில் வீட்டின் முன்புறம்தான். பட்டினப்பாலையில் பெண்கள் அகன்ற முற்றத்தில் உணவைக் காயப்போட்டிருக்கிறார்கள். கொத்த வந்த கோழியைக் காதுக்குழையால் எறிந்து விரட்டுகிறார்கள். உங்கள் அப்பத்தா வற்றல் காயப்போட்டதும் இப்படியொரு முற்றத்தில்தானே!

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அவ்வளவு நீளத்துக்கும் வெளிச்சமும் காற்றும் நடுவிலிருந்துதான் வர வேண்டும். மழை குறைந்த சீமை வேறு. நான்கு பக்க ஓட்டுச் சரிவும் தண்ணீரை முற்றத்துக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். இப்போது பல வீடுகளில் மேலே தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். கம்பி வலை என்றால் சரி, வெயிலும் மழையும் இறங்கும். தகடு போட்டபின் அதை முற்றம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அது கூடம்.

நீங்கள் சொன்ன ‘வளவு’ எனக்கு இன்னும் பிடித்த சொல். உங்களுக்கு அது தூண்களும் அறைகளும் சூழ்ந்த, கல்யாணம் நடக்கிற உட்பகுதி. யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வேலிக்குள் வீட்டைச் சுற்றியுள்ள நிலம். ஆக முற்றம், வளவு இரண்டுமே அங்கே வீட்டுக்கு வெளியே, உங்களிடம் வீட்டுக்குள்ளே. அந்தக் கதைகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காட்சி தெளிவாகிவிடும்.

அப்புறம் பொட்டல். அதை முற்றம் எனக் கூடாது. கோயில் முற்றம் என்கிறோம், அங்கே ஒரு கட்டடம் இருக்கிறது. பொட்டல் எந்த வீட்டையும் சேராத வெறுந்தரை. மஞ்சுவிரட்டுக்கு ஊரே திரளும் சிராவயல் பொட்டலை யாரும் முற்றம் என்று சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.