மிஸ்ஸி அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய். உலு கிந்தா பஹாகியா ஆஸ்பத்திரி வார்டில் இருந்துவிட்டு வந்தான். இப்போது கிளினிக்கில் மாத ஊசி. நடுவில் சில மாதம் போகவில்லை. போன வாரம் கூட்டிப்போனபோது மிஸ்ஸிகள் (நர்சுகள்) 'டிஃபால்டர்', 'டெப்போ', 'இன்சைட் இல்லை' என்று பேசிக்கொண்டார்கள். அம்மா அழுதுவிட்டார். ஊசி போட்டதிலிருந்து தம்பி ஓர் இடத்தில் உட்காருவதில்லை. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடக்கிறான். முற்றிவிட்டதா?

– ஓர் அக்கா, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த நடையைப் பார்ப்போம். ஊசிக்குப் பிறகு தொடங்கியதால், நோய் முற்றியது என்று முடிவு கட்டாதீர்கள். மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். வார்டில் இதை 'அக்கதீசியா' என்போம். உள்ளுக்குள் ஒரே தவிப்பு, கால் நிற்காது. நின்றாலும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் "சும்மா உட்காருடா" என்று அதட்டுவார்கள், பாவம், அவனால் முடியாது. இந்த அவஸ்தைக்குப் பயந்தே பலர் ஊசியை விட்டுவிடுகிறார்கள். தம்பி முன்பு போகாமல் இருந்ததும் இதனால்தானா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

'டெப்போ' அந்த ஊசிதான். தசையில் போட்டால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். 'டிஃபால்டர்' என்றால் தேதிக்கு வராதவர், அவ்வளவுதான்.

'இன்சைட் இல்லை' என்றால், தனக்கு நோய் இருப்பது அவனுக்கே தெரியவில்லை என்று பொருள். அது திமிர் இல்லை, நோயின் ஒரு பகுதி. "உனக்குப் பைத்தியம், ஊசி போடு" என்றால் சண்டைதான் வரும். "ராத்திரி தூக்கம் வரலையே, அதைக் கேட்டுட்டு வரலாம் வா" என்று சொல்லுங்கள்.

பெற்ற தாயை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விளக்காமல் அப்படிப் பேசியது தப்பு. அடுத்த முறை "என்ன அர்த்தம் மிஸ்ஸி?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போய், நடை எந்த நாளில் தொடங்கியது, ராத்திரியிலும் இருக்கிறதா என்று சொல்லுங்கள். டாக்டர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். கழுத்து திருகிக்கொண்டாலோ, கண் மேலே செருகினாலோ, தவிப்பு தாங்காமல் "செத்துடலாம் போல இருக்கு" என்றாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஊசிப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.