பழைய மாருதி 800: எஞ்சினில் எதைப் பார்த்து வாங்குவது?

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய மாருதி 800 வாங்கலாமா, எஞ்சின் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சூடேறாமல் பார்த்துக்கொண்டால் நன்றாகவே தாங்கும்.

அதிலிருப்பது எஃப்8பி எஞ்சின்: 3 சிலிண்டர், 796 சிசி. ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல் மூடி, அலுமினியம் என்பதுதான் முக்கியம். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வற்றி ஒருமுறை கொதித்தாலே ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விடலாம். அதனால் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கேஸ்கெட் போய் ஆயில் கலந்திருக்கலாம்; அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது. ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை ஒட்டியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். எஞ்சினின் மேலிருக்கும் வால்வு கவர் ஓரத்தில் ஆயில் கசிவது சின்ன வேலைதான். ஐட்லிங்கில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகையில்) லேசாக அதிர்வது 3 சிலிண்டரின் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.